லோரி டயர் பயம் காட்டிய நாள்: மலேசியா, சுங்கை சிப்புட் பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள்

தோட்டத்துப் பிள்ளை:
பழைய 10.00-20 டியூப் டயர், துண்டு துண்டாகப் பூட்டும் ரிம், எல்லாம் உங்களுக்குத் தெரியும். பழைய சாலையோரம் ஒரு பட்டறை. பட்டறைப் பையன் டயரைத் தரையில் கிடத்திக் காற்று ஏற்றுகிறான், நான் ஓரமாக நின்று மைலோ குடிக்கிறேன். ‘டமார்!’ நிமிர்ந்து பார்த்தால் தகரக் கூரை கிழிந்திருக்கிறது, ரிம்மைப் பூட்டும் இரும்பு வளையம், அதாவது லாக் ரிங், உத்திரத்தில் குத்தி நின்று ஆடுகிறது. பையன் கையில் ஹோஸ் மட்டும். தவுக்கே (பட்டறை முதலாளி) முதலில் கம்ப்ரசரை அடைத்தார், அப்புறம்தான் கத்த ஆரம்பித்தார். பையன் இரண்டு கைகளாலும் தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டான். அதுதான் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

பழைய ரோடு:
ரிங் உட்காரும் பள்ளத்தில் துரு இருந்திருக்கும். இப்போது 11R22.5 டியூப்லெஸ், ரிம் ஒரே துண்டு. ரிங் பறக்கிற கதை அதோடு முடிந்தது. எனக்குப் பயம் செலுப் டயர்தான், பழைய டயர் மேல் புது மேல்தோல் ஒட்டியது. நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கம் தாண்டி இறக்கம், எனக்கு முன்னால் கல் லோரி. அதன் பின் சக்கரத்திலிருந்து மேல்தோல் உரிந்து, மலைப்பாம்பு மாதிரி ரோட்டில் புரண்டு என் பானெட்டில் விழுந்தது. வைப்பர் இரண்டும் போச்சு. லோரிக்காரர் நிற்கவே இல்லை. அவருக்குத் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம். செலுப்பைத் தடை செய்யணும்.

லோரிக்காரர் மகன்:
தம்பி, செலுப்பைத் திட்டாதே. விமானச் சக்கரத்துக்கே மேல்தோல் மாற்றி மாற்றித்தான் ஓட்டுகிறார்கள். அப்பா ரப்பர் ஷீட் லோரி ஓட்டியவர். ஈப்போ போகிற வழியில் அவருக்கும் ஒரு தடவை உரிந்தது. இறங்கிக் கையை வைத்தவர் உடனே இழுத்துக்கொண்டார், அவ்வளவு சூடு. பார்த்தால், இரட்டைச் சக்கரத்தில் உள்பக்கத்து டயரில் காற்றே இல்லை, பாரம் முழுக்க வெளி டயர் மேல். காற்று குறைந்தாலும் பாரம் கூடினாலும் டயரின் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும், ஒட்டு விடும். புது டயரும் இதே போலத்தான் உரியும்.

சரி, கேளுங்கள். இரும்புக் குழாயால் ‘டொக் டொக்’ என்று தட்டிப் பார்ப்பது போதாது. சுத்தமாகக் காற்றுப் போனது மட்டும்தான் அதில் தெரியும். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் ஆறியிருக்கும்போது காற்று அளக்கும் கேஜ் வையுங்கள். உள் டயருக்கு நீள வால்வு போடுங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. செலுப் வாங்கினால் உள்ளே இருக்கும் பழைய கூட்டின் அந்தத் தேதியைப் பாருங்கள், மேலே இருக்கும் புதுப் பூவை (மேல்தோல் வரிகளை) பார்த்து ஏமாறாதீர்கள். நைலான் நூல் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் பழைய வகையையும், நூல் விளிம்புக்கு விளிம்பு நேராக ஓடும் ரேடியலையும் ஒரே அச்சில் கலக்கவே கூடாது. ரேடியலுக்கு மிஷலின் 1946-இல் காப்புரிமை எடுத்தது, லோரிக்கு 1952-இல் வந்தது. எஃகுக் கம்பிப் பட்டை இருப்பதால் சூடு குறைவு, அதே கூட்டைத் திரும்பச் செலுப் போடவும் அது வசதி. இன்னொன்று, சூட்டைத் தாங்க இயற்கை ரப்பர் வேணும். கார் டயரை விட லோரி டயரில்தான் அது அதிகம். இங்கே மரத்தையெல்லாம் வெட்டிச் செம்பனை நட்டாச்சு, அது வேற கதை.

பழைய ரோடு:
அண்ணே, அனுபவம் கேட்டால் வகுப்பே எடுத்துவிட்டீர்கள். காற்றுப் பார்க்காத முதலாளி கையில் செலுப்பைக் கொடுப்பதைத்தான் நான் சொல்கிறேன். என் பானெட்டுக்கு யார் பதில் சொல்வது?

செம்பனைக் குலை:
எனக்கு இரட்டைச் சக்கரத்துக்கு நடுவில் சிக்கிய கல். குலை ஏற்றிக்கொண்டு செம்மண் ரோட்டிலிருந்து தார் ரோட்டில் ஏறினோம். பின்னால் மோட்டாரில் வந்தவர் ஹெல்மெட் கண்ணாடி சிதறிவிட்டது. கண்ணுக்கு ஒன்றுமில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். அதிலிருந்து தார் ரோடு ஏறும் முன் கெலிண்டானை (லோரி உதவியாளை) இறக்கி டயர் இடுக்கைப் பார்க்கச் சொல்கிறேன். நேற்று ஒன்று நன்றாக இறுகிவிட்டது, கடப்பாரைக்கும் அசையவில்லை. வெளிச் சக்கரத்தைக் கழற்றாமல் எடுக்க வழி இருந்தால் சொல்லுங்கள்.