சிவப்பு வைன்: துவர்ப்பு தாங்க முடியவில்லை, எதை வாங்கலாம்?

வணக்கம். தீபாவளியிலிருந்து சிவப்பு வைன் பழகிப் பார்க்கிறேன், சிங்கப்பூர் செங்காங் வீட்டில், பெரும்பாலும் சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டோடு. பிரச்சினை ஒன்றுதான்: இரண்டு மிடறு உள்ளே போனதும் கடுக்காய் கடித்த மாதிரி நாக்கும் ஈறும் இழுத்துக்கொள்கின்றன. தலைவலி, நெஞ்செரிச்சல் எதுவும் இல்லை.

ஆஸ்திரேலிய ஷிராஸ், சிலி கேபர்னே சாவிஞான், அர்ஜென்டினா மால்பெக் எல்லாம் வாங்கிப் பார்த்தாச்சு. கேபர்னேதான் மோசம். ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு குடித்தால் மிளகாய் எரிச்சலும் சேர்ந்து ஏறுகிறது. சீஸோடு குடித்தால் துவர்ப்பு பாதி அடங்கிவிடுகிறது. வைனில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள்தான் காரணம், புரிகிறது. ஆனால் நம் வீட்டில் தினமும் சீஸா சாப்பிடுகிறோம்?

நம்மூர் 30 டிகிரி வெக்கையில் மேசைமேல் இருந்த போத்தலில் சாராய நெடிதான் தூக்கலாக அடித்தது. அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்ததும் நெடி அடங்கியது, துவர்ப்பு அடங்கவில்லை. ஜாடியில் ஊற்றிக் காற்றாட விட்டதில் மணம் கூடியது, அவ்வளவுதான். நியூசிலாந்து பினோ நுவார் மட்டும் சுகமாக இறங்கியது, விலைதான் கடிக்கிறது. இங்கே ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி தீர்வை, 13.5 சதவீத வைன் 750 மில்லி போத்தலுக்குத் தீர்வையே ஏறக்குறைய 9 வெள்ளி வந்துவிடுகிறது.

பட்ஜெட் 40 வெள்ளிக்குள். இனிப்பு வைன் வேண்டாம். கமே, பார்பெரா இரண்டும் துவர்ப்பு குறைந்த திராட்சை வகைகள். நம் காரச் சமையலோடு குடித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், இவற்றில் எதை முதலில் வாங்கலாம்?