சாவி உள்ளே போகுது, திரும்ப மாட்டேங்குது: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து அனுபவங்கள்

கிருஷ்ணகிரி, ஒர்க்‌ஷாப்பிலிருந்து:

கார் சாவி திரும்பலைன்னு போன் வந்தா முதல்ல கேட்க வேண்டியது, "ஸ்டியரிங் அசையுதா?" பெரும்பாலும் கோளாறு சாவியில இருக்காது, ஸ்டியரிங் லாக்கிலதான். சாவியை எடுத்த பிறகு ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு இறங்கினாலோ, முன் சக்கரத்தைத் திட்டுல முட்டி நிறுத்தினாலோ, லாக்கோட இரும்பு நாக்கு ஸ்டியரிங் தண்டுல இருக்கிற பள்ளத்துக்குள்ள விழுந்துடும். முறுக்கிக்கிட்டு நிக்கிற டயர் தண்டை ஒரே பக்கம் தள்ளிக்கிட்டே இருக்கும். நாக்கு இறுகிடும். அந்த இறுக்கத்தை மீறி நாக்கை உள்ளே இழுக்க சாவிக்குப் பலம் பத்தாது.

ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஆட்டிப் பாருங்க. ஒரு பக்கம் துளியும் அசையாது. இன்னொரு பக்கம் ஸ்பிரிங் மாதிரி எதிர்த்தாலும் கொஞ்சம் இடம் கொடுக்கும். இடம் கொடுக்கிற பக்கமாவே இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, இரண்டு விரல் பலத்தில மட்டும் சாவியைத் திருப்புங்க. 'டக்'னு விட்டுடும். விடலைன்னா சமதரையில ஆளை வெச்சு, கியரை நியூட்ரலுக்கு எடுத்து, வண்டியைச் சக்கரம் முட்டின திட்டை விட்டுக் கொஞ்சம் நகர்த்திட்டு மறுபடி பாருங்க. சரிவுல இதைச் செய்யவே கூடாது. கட்டிங் பிளேயரால சாவியைப் பிடிச்சுத் திருப்பறதும் வேண்டாம். சாவி உள்ளேயே முறிஞ்சா வேலை பல மடங்காகும்.

தர்மபுரி, சாவி வெட்டுற கடையிலிருந்து:

ஸ்டியரிங் தாராளமா அசைஞ்சும் திரும்பலைன்னா, வீட்ல இருக்கிற இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்க. அது திரும்பினா தேய்ஞ்சது தினமும் போடுற சாவி. இரண்டுமே அடம்பிடிச்சா கோளாறு பேரல்ல, அதாவது சாவி நுழையுற பூட்டு உருளையில.

பேரலுக்குள்ள மெல்லிசான பித்தளைத் தகடுகள் வரிசையா இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு குட்டி ஸ்பிரிங். சாவியோட வெட்டு எல்லாத் தகட்டையும் சரியான உயரத்துல நிறுத்தணும். ஒண்ணு மயிரிழை துருத்திக்கிட்டு நின்னாலும் திரும்பாது. சாவியை முழுசா சொருகி, அரை மில்லிமீட்டரோ ஒரு மில்லிமீட்டரோ வெளியே இழுத்தா திரும்புதுன்னா, சாவியோ தகடோ தேய்ஞ்சிருக்குன்னு அர்த்தம்.

தேய்ஞ்ச சாவியை வெச்சு டூப்ளிகேட் வெட்டச் சொல்லாதீங்க. தேய்மானமும் சேர்ந்தே வெட்டுப்படும். வண்டி வாங்கும்போது சாவியோட ஒரு சின்ன வில்லையில எண் தந்திருந்தா, அந்த எண்ணை வெச்சு வெட்டுறதுதான் சரி. பீரோ, வீடு, மோட்டார் ரூம் சாவியெல்லாம் ஒரே கொத்துல மாட்டாதீங்க. ஓடுற வண்டியில அந்தக் கனம் ஆடி ஆடித் தகட்டைத் தின்னுடும்.

நம்ம பக்கம் இன்னொரு எதிரி கிரானைட் தூசி. குவாரி ரோட்டுல ஓடுற வண்டிகளுக்கு அந்தத் தூள் சாவியோடவே உள்ளே போகும். எண்ணெய் விட்டா தூசியும் எண்ணெயும் குழைஞ்சு பசையாகி, ஸ்பிரிங்கை எழும்ப விடாது. தேங்காய் எண்ணெய் இன்னும் மோசம். ஓசூர் மார்கழிக் காலையில அது பாட்டிலிலேயே உறைஞ்சு நிக்கும், பேரலுக்குள்ள மட்டும் உறையாதா? எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனரை ரெண்டு தடவை அடிச்சு, சாவியை உள்ளே வெளியே ஓட்டித் துடைச்சு, நல்லா காய விடுங்க. பிறகு கிராஃபைட் தூள் ஒரு சிட்டிகை. அது கிடைக்கலைன்னா சாவியோட வெட்டுல 4பி பென்சிலை நல்லாத் தேய்ச்சு, பத்துப் பதினைஞ்சு தடவை போட்டு எடுங்க. மாம்பழ சீசன்ல பழம் தின்ன கையோட சாவியைத் தொட்டா சர்க்கரைச் சாறு ஒட்டும். ஈரத்துணியால துடைச்சு, காய வெச்சுட்டுப் போடுங்க.

ஓசூர், வாடகைக் கார் ஓட்டுறவங்க பக்கமிருந்து:

சாவி திரும்பி, விளக்கெல்லாம் எரிஞ்சும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகலைன்னா அது வேற கதை. இமொபிலைசரையோ (சாவியில இருக்கிற சிப்பை அடையாளம் கண்டாத்தான் இன்ஜினை ஓட விடுற பூட்டு) பேட்டரியையோ பாருங்க, பேரலைக் கழட்ட வேண்டாம். ஆட்டோமேட்டிக் வண்டியில சாவி கடைசி நிலைக்குத் திரும்பி வெளியே வரலைன்னா, பெரும்பாலும் கியர் 'பி'யில (பார்க்கிங்) முழுசா விழலைன்னு அர்த்தம். பிரேக்கை மிதிச்சு, லிவரை ஒருதரம் கீழே இழுத்து மறுபடி ஏத்துங்க.

தொப்பூர் இறக்கத்துல டீசல் மிச்சம் பண்ண சாவியை ஆஃப் பண்றவங்களுக்குச் சொல்றேன். பவர் ஸ்டியரிங் போகும், பிரேக்கை லேசா மிதிக்க உதவுற பிரேக் பூஸ்டர் இரண்டு மூணு மிதியில காலியாகும், சாவி லாக் நிலைக்குப் போனா ஸ்டியரிங்கே பூட்டிக்கும். தயவுசெஞ்சு வேண்டாம்.

மறுபடி கிருஷ்ணகிரி ஒர்க்‌ஷாப்:

பேரல் மாத்தறவங்களுக்கு. நிறைய வண்டிகள்ல சாவியை ஏசிசி நிலைக்கு (இன்ஜின் ஓடாம ரேடியோ மட்டும் ஓடுற நிலை) திருப்பி, பக்கத்து ஓட்டையில மெல்லிய கம்பியால பின்னை அழுத்தினா பேரல் வெளியே வரும். அதனால தகராறு ஆரம்பிக்கிறப்பவே, சாவி திரும்பிக்கிட்டிருக்கும்போதே மாத்திடுங்க. முழுசா நின்னுபோனா டிரில் போட வேண்டியதுதான். முழு ஸ்டியரிங் லாக்கையும் எடுக்கணும்னா, பல வண்டிகள்ல சுலபமா கழட்ட முடியாதபடி, இறுக்கும்போதே தலை முறியுற மாதிரி செஞ்ச போல்ட் இருக்கும். உளி வெச்சுத் தட்டிச் சுழற்றணும், இல்லைன்னா ஓட்டை போட்டு எடுக்கணும். ஏர்பேக் இருந்தா பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு, மேனுவல்ல போட்டிருக்கிற நேரம் காத்திருந்துதான் கை வைக்கணும். புதுப் பேரலோட வர்ற சாவியில பழைய சிப் இருக்காது. பழைய சாவித் தலையிலிருந்து சிப்பை மாத்தி வைங்க, இல்லைன்னா புதுசை வண்டியில பதிவு பண்ணுங்க. கதவுக்கும் பழைய சாவியே போதும்னா, புதுப் பேரலோட தகடுகளைப் பழைய சாவிக்கு ஏத்தபடி மாத்தி அடுக்கச் சொல்லலாம். நல்ல சாவிக்காரர் செஞ்சு கொடுத்துடுவார்.