மார்ஜினல் ஸோன் லிம்ஃபோமா: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பு நண்பர்களே,

நோயாளிகளுக்கான கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. தலைப்பில் 'விளிம்பு மண்டல நிணநீர்ப்புற்று' என்று வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. உள்ளே இருப்பது இதுதான்: நோயெதிர்ப்பு வெள்ளையணுக்களில் ஒரு வகையான பி அணுக்களில் தோன்றி மெதுவாக வளரும் நோய். மண்ணீரலில் வந்தால் இடது விலாவுக்குக் கீழே கனம், நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைவது, சோகை. இரைப்பையில் வந்தால் அஜீரணம், மேல்வயிற்று வலி. நிணநீர்க் கணுக்களில் மட்டும் வருவது மூன்றாவது வகை.

— மொழிபெயர்ப்பாளர்

அம்மா, 'விளிம்பு' வேண்டவே வேண்டாம். 'சாவின் விளிம்பு' என்றுதான் நோயாளி காதில் விழும். தொந்தரவு இல்லாவிட்டால் மருந்தே தராமல், கண்காணித்தபடி ஆண்டுக்கணக்கில் விடுகிற நோய் இது. இரைப்பை வகையில் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருந்தால் முதல் மருந்து ஆன்டிபயாட்டிக்தான். 1993இல் லான்செட் இதழில் வந்த கட்டுரையில், கிருமியை ஒழித்ததும் 6 பேரில் 5 பேருக்குப் புற்று மறைந்திருந்தது. மண்ணீரல் வகையோடு ஹெபடைடிஸ் சி இருந்தால் அந்த வைரஸுக்கான மருந்தே பலருக்குப் புற்றையும் அடக்குகிறது. மற்றவர்களுக்கு, பி அணுக்களைத் தாக்கும் ரிட்டுக்சிமாப் மருந்து, கதிர்வீச்சு.

— மருத்துவர்

'மண்டல'மும் இடறுகிறது. தமிழகத்தில் 'நரம்பு மண்டலம்' என்கிறீர்கள், நாங்கள் யாழ்ப்பாணத்தில் 'நரம்புத் தொகுதி' என்போம். 'மண்டல நிணநீர்' என்று வாசிக்கிறவர் உடம்பின் நிணநீர் அமைப்பு முழுவதையும் நினைப்பார். 'ஓர வலயம்' தெளிவு.

— விஞ்ஞான ஆசிரியை

வலயம் வடசொல். வளை, வளைவு, வளையம் என்று நம் வேர் இருக்கக் கடன் எதற்கு? அதைவிடப் பெரிய பிழை 'நிணநீர்'. சங்கப் பாடல்களில் நிணம் என்றால் கொழுப்பு. நிணநீர் கொழுப்புநீர் ஆகிவிடும். 'ஊனீர்' என்று திருத்துவோம்.

— புலவர்

ஐயா, குடலிலிருந்து கொழுப்பை ஏற்றிவரும் நிணநீர் பால்போல வெளுத்தே இருக்கும். ஆகவே நிணம் பொருந்தாமல் இல்லை. பள்ளிப் பாடநூலில் ஊன்றிவிட்ட சொல்லைப் பிடுங்க வேண்டாம். 'வளையம்' எனக்குப் பிடித்திருக்கிறது. பி அணுக்கள் திரண்டிருக்கும் இடத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் நடுவில் கருமையம், அதைச் சுற்றி மான்டில் என்னும் அடுக்கு, அதற்கும் வெளியே மார்ஜினல் ஸோன் என்கிற இந்தப் பட்டை. வளையமேதான்! 'புறவளையம்' என்றால் அச்சமும் இல்லை.

— மருத்துவர்

அப்போ மான்டில் 'உள்வளைய'மா? இரைப்பையில் ஏது வளையம்? நோய் வந்த இடமா, அணு பிறந்த இடமா, எதைப் பெயர் சொல்கிறது?

— ஆசிரியை

அணுவின் வகையை. மான்டிலுக்குப் 'போர்வை' என்று எழுதலாம். தனி இழை தொடங்குங்கள், இங்கே வேண்டாம்.

— மருத்துவர்

வளையம் என்பதில் புலவரும் மருத்துவரும் ஒத்துப்போகிறீர்கள். 'புறவளைய நிணநீர்ப்புற்று' என்றே அனுப்புகிறேன். டாக்டரின் சீட்டில் இருக்கும் பெயரோடு பொருத்திப் பார்க்க, கீழே சிறிய எழுத்தில் 'மார்ஜினல் ஸோன் லிம்ஃபோமா'.

— மொழிபெயர்ப்பாளர்

அனுப்புங்கள். ஊனீரை நான் விடப்போவதில்லை. தொல்காப்பியர் சொற்பொருளுக்கென்றே 'உரியியல்' வகுத்த மொழியில் பொருள் பார்க்காமல் சொல் ஆள்வது தகாது. சான்றுகளோடு நாளை எழுதுகிறேன்.

— புலவர்

எங்கள் பாடக்குறிப்பில் ஓர வலயம்தான் இருக்கும்.

— ஆசிரியை