வாய்க்குள் பார்க்காமல் வாங்கிய பிட்டுகள்

என் பெண் குதிரைக்குப் பொருத்தமான பிட்டை, அதாவது கடிவாளத்தில் வாய்க்குள் நிற்கும் இரும்பை, தேடி ஏறக்குறைய ஓராண்டு அலைந்தேன். அதில் எட்டு மாதங்கள் அவளுடைய வாய்க்குள் ஒருமுறைகூடப் பார்க்காமலே கழிந்தன.

அவளுக்கு அப்போது ஏழு வயது. சாதாரண நடையில் அமைதியாக வருவாள். ட்ராட்டில், அதாவது நடையைவிட வேகமான ஓட்டநடையில், வலப்பக்கம் திருப்பினால் மட்டும் வாயைப் பிளந்து, தலையைச் சாய்த்து, பிட்டோடு இணைந்த கடிவாள வாரை என் கையிலிருந்து பிடுங்கப் பார்ப்பாள். முரட்டுக் குணம் என்று பலரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். மூக்கைச் சுற்றிக் கட்டும் மூக்குப்பட்டையை ஒரு துளை இறுக்கினேன். அதுவும் போதாதபோது, நெம்புகோல்போல இயங்கித் தாடையை அழுத்தும் கர்ப் பிட் ஒன்றை வாங்கினேன். அதன் பிறகு கடிவாளத்தைக் கையில் எடுத்தாலே எனக்கு எட்டாத உயரத்துக்குத் தலையைத் தூக்கத் தொடங்கினாள். இன்று நினைத்தாலும் மனம் கனக்கிறது.

தடுப்பூசி போட வந்த கால்நடை மருத்துவரிடம் பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னேன். அவர் வாயைத் திறந்து நிறுத்தும் கருவியை மாட்டி, விளக்கை அடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். வலக்கன்னத்தின் உட்புறத்தில் பாசிப்பயறு அளவுக்கு ஒரு புண் சிவந்திருந்தது. குதிரையின் கடைவாய்ப்பற்கள் ஈறிலிருந்து தொடர்ந்து வெளிவந்துகொண்டே இருப்பவை. கீழ்த்தாடை மேல்தாடையைவிடக் குறுகலானது என்பதால், மேற்பற்களின் வெளியோரம் சரியாகத் தேயாமல் கூராகிவிடுகிறது. வாரை நான் இழுத்தபோதெல்லாம் கன்னம் அந்தக் கூரில் அழுந்தியிருக்கிறது. கடைவாய்ப்பற்களுக்குச் சற்று முன்னால், பிட் உரசும் இடத்திலேயே, ஓநாய்ப்பல் எனப்படும் சிறு பல் ஒன்றும் இருந்தது. அவர் கூரான ஓரங்களை அராவி, அந்தப் பல்லைப் பிடுங்கினார். புண் முழுதும் ஆறும்வரை பிட்டே போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

அதன் பிறகுதான் அளவெடுத்தேன். ஒரு கயிற்றை வாயின் குறுக்கே செலுத்தி, இரு உதட்டோரங்களிலும் மையால் குறித்து, அளவுகோலில் வைத்தபோது 12 சென்டிமீட்டர் இருந்தது. நான் முதலில் போட்டுவந்த ஒற்றை மூட்டு ஸ்னாஃபிளின் (நெம்புகோல் இல்லாத எளிய பிட்) அகலமோ 13.5 சென்டிமீட்டர். ஒரு வாரை இழுத்தால் அது பக்கவாட்டில் நழுவி, நடு மூட்டு இடம் மாறிவிடும். இரண்டையும் சேர்த்து இழுத்தால் பாக்குவெட்டிபோல மடங்கும். அதன் தடிமன் 18 மில்லிமீட்டர். தடித்த பிட் மென்மையானது என்று பொதுவாகச் சொல்வார்கள். நாக்கு தடித்து, அண்ணம் தாழ்ந்த வாய்க்கு அது பொருந்தாது. அவளுடைய உதடுகளை விலக்கிப் பார்த்தபோது, நாக்கு பற்களின் இடைவெளி முழுவதையும் நிரப்பிப் பிதுங்கி நின்றது. அதற்குள் அவ்வளவு இரும்பு எங்கே தங்கும்?

இப்போது 12.5 சென்டிமீட்டர் அகலமும் 14 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட இரட்டை மூட்டு ஸ்னாஃபிளைப் போடுகிறேன். உதட்டோரத்தில் ஒரு சுருக்கம் விழும் உயரத்தில் அது நிற்கிறது. மூக்குப்பட்டைக்கும் மூக்கெலும்புக்கும் இடையே இரண்டு விரல்கள் தாராளமாக நுழைகின்றன. புதிய பிட் வாங்க நினைப்பவர்கள், தயவுசெய்து முதலில் பற்களைக் காட்டிவிடுங்கள்.

வாயைப் பிளப்பது நின்றுவிட்டது. வலப்பக்கத் திருப்பத்தில் மட்டும், பழைய நினைவோ என்னவோ, சில நாட்களில் இன்னும் ஒரு கணம் தயங்குகிறாள். அப்போது வாரைத் தளர்த்திவிட்டு, அவளாகத் திரும்பும்வரை காத்திருக்கிறேன்.