மனநோய் மாத்திரையை நிறுத்துவது திமிரா?

கயத்தாறுக்காரி:
"கொஞ்சம் குணமானதும் திமிர் வந்து மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள்" என்று நேற்று வைகைக்கரையான் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய்க்கான மருந்துகளை ஒப்பிட்டு அமெரிக்காவில் நடந்த கேட்டி (CATIE) ஆய்வு 2005இல் வெளிவந்தது. மனச்சிதைவு உள்ள 1,493 பேரைச் சேர்த்தார்கள். 18 மாதத்துக்குள் 74 சதவீதம் பேர் முதலில் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டார்கள். முக்கால்வாசிப் பேருக்குமா திமிர்?

வைகைக்கரையான்:
அந்த 74இல் வேறு மருந்துக்கு மாற்றப்பட்டவர்களும் அடக்கம். எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

கயத்தாறுக்காரி:
ஏன் மாற்றினார்கள்? மருந்து கேட்கவில்லை, உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இல்லையென்றால் நோயாளியே வேண்டாம் என்றார். என் தம்பி அந்த மருந்துகளில் ஒன்றான ஒலான்சபைன் எடுக்க ஆரம்பித்ததும் ஊதிப்போனான், ஒரு சட்டையும் சேரவில்லை. காலையில் எழுப்பவே முடியாது. கடை வேலையும் போயிற்று. அவன் நிறுத்தியது திமிரிலா? ஆய்விலேயே அந்த மருந்து எடுத்தவர்களில் 30 சதவீதம் பேருக்கு எடை 7 சதவீதத்துக்கு மேல் ஏறியிருக்கிறது. 74 என்றால் 74தான்.

வைகைக்கரையான்:
அதே ஆய்வில் மிகக் குறைவாக நிறுத்தப்பட்டதும் ஒலான்சபைன்தான், 64 சதவீதம். அதை ஏன் மறைத்தீர்கள்? எடைதான் காரணம் என்றால் அதைத்தானே முதலில் எறிந்திருப்பார்கள்?

கயத்தாறுக்காரி:
64 உங்களுக்குக் குறைவாகத் தெரிகிறதா?

குறிஞ்சி:
என் அப்பா எடைக்காக நிறுத்தவில்லை. தனக்கு நோயே இல்லை என்று முழுதாக நம்பினார். அப்படி நம்ப வைப்பதும் அந்த நோய்தான். திமிர் என்று சொல்வது கொடுமை.

கயத்தாறுக்காரி:
சரி தம்பி, அப்படியும் உண்டு. நான் பேசுவது 74ஐப் பற்றி.

வைகைக்கரையான்:
மனநோயாளிகளைக் குணமாகும் என்று கூட்டிப்போகும் ஏர்வாடி தர்காவைப் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான், யாரையும் பேசவிடவில்லை.

கயத்தாறுக்காரி:
ஏர்வாடியை இழுக்காதீர்கள். 2001இல் கொட்டகையில் சங்கிலியால் கட்டிப்போட்ட மனநோயாளிகள் 28 பேர் தீயில் செத்த ஊர் அது. "அங்கே போய்க் குணமானவர்களும் உண்டு" என்று அன்று எழுதியவர் நீங்கள். இன்று மாத்திரைக்கு வக்காலத்தா?

வைகைக்கரையான்:
நான் தர்காவைச் சொன்னேன். கொட்டகையில் பூட்டி வைத்துக் காசு பார்த்தவர்களைச் சொல்லவில்லை. திரிக்காதீர்கள்.

குறிஞ்சி:
மாத்திரைக்கு வருவோமா? எங்கள் பக்கம் மனநல மருத்துவர் மாதம் ஒருநாள்தான் வருகிறார். அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டுப் போக வேண்டும். ஒரு மாதம் தவறினால் மாத்திரையும் நின்றுபோகும்.

வைகைக்கரையான்:
74இல் தாங்களாகவே நிறுத்தியவர்கள் எத்தனை பேர்? அதைச் சொல்லுங்கள்.

கயத்தாறுக்காரி:
முதலில் "திமிர்" என்று எழுதியதை எடுங்கள்.

வைகைக்கரையான்:
எண்ணுக்குப் பதில் வரட்டும்.