அந்தந்த மாசத்துப் பூ உங்கள் வீட்டில் எப்படி வருகிறது?

மொட்டைமாடி மல்லி, சென்னை

நர்சரியில் பூத்துக் குலுங்கும்போது வாங்கி வருகிற செடி, அந்தப் பூ உதிர்ந்ததும் வெறும் இலையாக நின்றுவிடுகிறது. மறுபடி எப்போது பூக்கும் என்று கேட்டால் கடைக்காரர் ஒரு உரப் பாக்கெட்டைக் கையில் கொடுக்கிறார். வீட்டிலோ “இன்னொன்று வாங்கிக்கலாமே” என்கிறார்கள். மார்கழிக்கு ஒரு நிறம், சித்திரைக்கு ஒரு நிறம் என்று வாசலும் பால்கனியும் மாறிக்கொண்டே இருக்கும்படி வைத்திருப்பவர்கள் இங்கே நிச்சயம் இருப்பீர்கள். செடியின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், அது எதைப் பார்த்துப் பூக்கிறது என்று உங்களுக்குப் பிடிபட்ட கதையைச் சொல்லுங்கள்.

மாங்கனி வீடு, சேலம்

எங்கள் மாடியில் தெருப்பக்கமும் கொல்லைப்பக்கமும் சாமந்தி வைத்திருக்கிறோம். மஞ்சள் நாட்டு ரகம். எல்லாமே ஒரே தாய்ச்செடியிலிருந்து பிரித்த பக்கக் கன்றுகள். ஆனியில் நட்டு, ஒரு மாதம் போனதும் நுனியைக் கிள்ளி, கிளைத்து வந்ததும் இன்னொரு தடவை கிள்ளிவிடுவோம். கார்த்திகையில் இரண்டு பக்கமும் ஒன்றாகப் பொங்கும்.

ஒரு வருஷம் தெருப்பக்கத்துத் தொட்டிகள் மட்டும் பச்சையாகவே நின்றன. நல்ல உயரம், தடித்த இலை, பார்க்க ஆரோக்கியமாகத்தான் இருந்தன. மொட்டைத்தான் காணோம். கொல்லைப்பக்கத்தில் அதே கன்று பூத்துத் தள்ளுகிறது. மண் அதே, தண்ணீர் அதே, புண்ணாக்கு அதே.

என் மாமனார் சாமந்தி போட்டுச் சந்தைக்கு அனுப்பியவர். சாப்பிட்டுவிட்டு ராத்திரி மாடிக்கு வந்து ஒரு சுற்று பார்த்தவர், “ஏம்மா, இதுங்களுக்கு ராத்திரியே வரலியே” என்றார். அந்த வருஷம்தான் தெருவில் புதிதாக எல்.இ.டி. விளக்கு போட்டிருந்தார்கள். வெளிச்சம் நேராகத் தொட்டிகள் மேல் விழுந்துகொண்டிருந்தது.

சாமந்தி ராத்திரியின் நீளத்தைக் கணக்குப் பார்த்துத்தான் மொட்டு கட்டும். நம் ஊரில் ஆனிப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்தான் வித்தியாசம். அந்தக் கொஞ்சத்தையே அது கவனித்துக்கொண்டிருக்கிறது. நடுவில் வெளிச்சம் விழுந்தால் இருட்டு துண்டுபட்டுப் போகும், செடி கோடை முடியவில்லை என்று இலையை விட்டுக்கொண்டே இருக்கும். பசுமைக்குடிலில் கொய்மலர் வளர்ப்பவர்கள் இதையே வேண்டுமென்று செய்கிறார்கள். தண்டு நீளும்வரை ராத்திரியில் விளக்கு, அப்புறம் சாயங்காலமே கறுப்புப் படுதா.

தொட்டிகளைக் கொல்லைப்பக்கம் தூக்கி வைத்தோம். பொங்கல் தாண்டித்தான் பூத்தன. இப்போது தெருப்பக்கச் சுவரில் ஒரு பழைய தார்ப்பாய் தொங்குகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள், பூவைக் கேட்பதில்லை.

பொருநைப் பொண்ணு, திருநெல்வேலி

மார்கழி வாசல் என்றால் எங்களுக்குப் பூசணிப்பூதான். விடிகாலையில் பூ தேடி ஊர் சுற்றுவதெல்லாம் நடக்காது, நமக்கு முந்தி யாராவது பறித்திருப்பார்கள். அதனால் ஐப்பசி பிறந்ததும் கொல்லையில் விதை ஊன்றிவிடுவோம். ஒன்றரை மாதத்தில் பூ வரத் தொடங்கும், மார்கழிக்குச் சரியாக இருக்கும். மழை ஓய்ந்து பனி இறங்கும்போது இலையில் வெள்ளையாகச் சாம்பல் நோய் பிடிக்கும். நோய் கண்ட அடியிலைகளைக் கழித்துவிட்டால் ஓரளவு தாங்கும்.

பறிப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. பூவுக்கு அடியில் குட்டிக் காய் தெரிந்தால் அது பெண்பூ, தொடக் கூடாது. நீளக் காம்போடு வெறுமனே நிற்பது ஆண்பூ, அதைத்தான் எடுக்க வேண்டும். அதிலும் ஒன்றிரண்டைக் கொடியிலேயே விட்டுவைக்க வேண்டும், இல்லாவிட்டால் காய் பிடிக்காது. விடியும்போது விரிகிற பூ, வெயில் ஏறினால் சுருண்டுவிடும்.

எங்கள் ஆச்சி சாணியை உருண்டை பிடித்து, நடுவில் பூவைச் செருகி, கோலத்தில் வரிசையாக வைப்பாள். வெள்ளை மாக்கோலம், சுற்றிலும் காவி, நடுவில் அந்த மஞ்சள். எத்தனை பாக்கெட் கலர்ப்பொடி தூவினாலும் இந்த மூன்று நிறத்துக்கு முன்னால் நிற்காது என்பது என் கட்சி. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

பூ வாடினாலும் தூக்கிப் போட மாட்டோம். சாணியைப் பூவோடு சேர்த்து வறட்டியாகத் தட்டிக் காயவைப்போம். தை மாதம் சிறுவீட்டுப் பொங்கல் வரும். பெண்பிள்ளைகளுக்காகக் கட்டிய குட்டி மண்வீட்டுக்கு முன்னால் பொங்கல் வைப்போம். அப்புறம் அந்த வறட்டிகளை ஆற்றுக்குக் கொண்டுபோய், மேலே சூடம் ஏற்றித் தாமிரபரணியில் விடுவோம். மார்கழி முழுக்க வாசலில் இருந்த பூவெல்லாம் வரிசையாக மிதந்து போகும். எந்தப் பிள்ளையின் வறட்டி முதலில் கவிழ்கிறது என்று கரையில் ஒரே கத்தலாக இருக்கும்.

மொட்டைமாடி மல்லி, சென்னை

சேலம் அக்கா, தெருவிளக்கைப் படித்ததும் எழுந்து போய் என் பால்கனியைப் பார்த்துவிட்டு வந்தேன். பொருநை, பூசணி மாடியில் வருமா?

பொருநைப் பொண்ணு, திருநெல்வேலி

வரும். தொட்டி பெரிதாக இருக்கட்டும், கொடியைக் கைப்பிடிச் சுவரில் ஏற்றிவிடுங்கள். காய்க்கு ஆசைப்படாதீர்கள், பூ கிடைக்கும். அதற்குப் பதில் பீர்க்கை போடலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது சாயங்காலம்தான் விரியும்.

வைகைக்கரை, மதுரை

காகிதப்பூவை யாருமே சொல்லவில்லையே! பங்குனி வெயிலில் எல்லாம் கருகும்போது அது ஒன்றுதான் எங்கள் வீட்டின் மானத்தைக் காப்பாற்றுகிறது. பூத்து ஓய்ந்ததும் கவாத்து பண்ணுவேன், புதுக் கிளையில்தான் நிறம் வரும். அப்புறம் இலை லேசாகச் சோரும்வரை தண்ணீர் காட்ட மாட்டேன். தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைத்தால் இலைதான் மண்டும். அம்மாவுக்கு இது பெரிய கொடுமை. எனக்குத் தெரியாமல் அரிசி களைந்த தண்ணீரை ஊற்றிவிடுவார். இப்போது கீழே அவர் கைக்கு எட்டும் தொட்டி முழுக்க இலை. முட்டிவலியால் அவர் ஏற முடியாத மாடியில் முழுக்க ராணிக் கலர்.

நொய்யல்காரன், கோவை

வாங்கி வைக்கிற செடி எதுவும் வேண்டாம் என்கிற கட்சி நான். எங்கள் பக்கம் பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக் கட்டுவோம். வேப்பிலை, ஆவாரம்பூ, சிறுபீளை மூன்றையும் சேர்த்துக் கட்டிக் கூரை விளிம்பில், எறவாணத்தில் செருகுவோம். காட்டுக்கு, கிணற்றுமேட்டுக்கு, மாட்டுக்கொட்டகைக்கு, இப்போது காருக்கும் பைக்குக்கும்கூட. பச்சை, மஞ்சள், வெள்ளை. வேலியோரத்தில் சும்மா ஒடித்து வந்தது, இப்போது பஸ் ஸ்டாண்டு வாசலில் கட்டு போட்டு விற்கிறார்கள்.

அதற்காகவே ஆவாரை வளர்க்கிறேன். காட்டிலிருந்து செடியைப் பிடுங்கி வந்து நட்டால் பிழைப்பது கஷ்டம், ஆணிவேர் ஆழமாகப் போயிருக்கும். விதைதான் வழி. விதைத்தோல் கெட்டி. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஒரு ராத்திரி ஊறவைத்து ஊன்றினால் முளைக்கும். நல்ல வெயில் வேண்டும், தண்ணீர் கொஞ்சம் போதும். சிறுபீளைக்கு அந்தக் கவலையும் இல்லை. களையென்று பிடுங்காமல் விட்டாலே போதும்.

ஆரல் காற்று, கன்னியாகுமரி மாவட்டம்

எங்கள் பக்கம் ஆவணியில் அத்தப்பூ போடுகிற வீடுகள் உண்டு. ஓணம் நெருங்கும்போது தோவாளைச் சந்தைக்குக் கேரளத்திலிருந்து ஆள் வரும், செண்டுமல்லி விலையைக் கையில் பிடிக்க முடியாது. விதைத்து இரண்டு மாதத்தில் பூக்கிற செடிதானே என்று நாங்கள் ஆனியிலேயே விதைத்துவிடுவோம். ஆயுதபூஜைக்கு வேண்டுமானால் ஆடிக் கடைசியில் இன்னொரு பாத்தி.

வீட்டுக்குள் வைக்க வாடாமல்லி. நன்றாக உருண்டு விரிந்த பிறகு நீளக் காம்போடு வெட்டி, இலையை உருவிவிட்டு, நிழலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள். காய்ந்தும் மாதக்கணக்கில் அதே ஊதா நிற்கும். ஜன்னலோர வெயில் மட்டும் ஆகாது, வெளுத்துவிடும்.

ஏழாவது மாடி, சென்னை

சேலம் அக்கா சொன்ன ராத்திரிக் கணக்கு பாயின்செட்டியாவுக்கும் பொருந்தும். கிறிஸ்துமஸுக்கு வாங்கிய தொட்டி ஹாலில் இருந்தது. ஹாலில் படுக்கும்வரை டியூப்லைட் எரியும். அடுத்த டிசம்பரில் பச்சையாகவே நின்றது. அதற்கடுத்த வருஷம் புரட்டாசிக் கடைசியில் அதைச் சர்வீஸ் பால்கனிக்கு மாற்றினேன். அங்கே ராத்திரியில் யாரும் விளக்கு போடுவதில்லை. டிசம்பரில் மேல் இலையெல்லாம் சிவந்தது. ஆமாம், சிவப்பாக இருப்பது இலைதான், நடுவில் மஞ்சளாக மணி மணியாக இருப்பதுதான் பூ. ஒடித்தால் பால் வடியும், கையில் பட்டால் சிலருக்கு அரிக்கும்.

காவிரித் திண்ணை, தஞ்சாவூர்

சித்திரைக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். மே மாதப் பூ. ஃபுட்பால் லில்லி என்று நர்சரியில் விற்பார்கள். கார்த்திகை, மார்கழியில் இலை மஞ்சளாகிப் படுத்துவிடும். செத்துவிட்டது என்று மண்ணைக் கொட்டிவிடாதீர்கள், கிழங்கு தூங்குகிறது. எங்கள் வீட்டில் தொட்டிகளை மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிடுவோம். மாசி முடியும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அப்புறம் வெளியே எடுத்து வைத்தால், ஒரு கோடை மழை விழுந்த கையோடு மண்ணைப் பிளந்து தண்டு கிளம்பும். தண்டின் தலையில் சிவப்பு உருண்டை. வாழ்வு ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள்.

பலர் பூ போனதும் தொட்டியை மறந்துவிடுவார்கள். அதற்கப்புறம் வரும் இலைதான் அடுத்த வருஷப் பூவுக்குக் கிழங்கில் சேர்த்து வைக்கிறது. அதனால் மண்புழு உரம் போட வேண்டிய நேரம் அதுதான். கிழங்கு நஞ்சு. வீட்டில் ஆடோ பூனையோ தவழும் குழந்தையோ இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். எங்களிடம் கிழங்கு பெருகிக் கிடக்கிறது. வேண்டுமென்கிறவர்கள் மாசியில் கேளுங்கள், தூங்கும்போதுதான் பிரிக்க முடியும்.

மொட்டைமாடி மல்லி, சென்னை

எனக்கு இரண்டு எடுத்து வையுங்கள் அண்ணா. பதிலுக்கு டிசம்பர் பூக் குச்சி தருகிறேன். ஊதாவும் இருக்கிறது, வெள்ளையும் இருக்கிறது.

காவிரித் திண்ணை, தஞ்சாவூர்

ஊதா போதும்மா. வெள்ளை எங்கள் வேலி முழுக்க நிற்கிறது.