ரெண்டு கோடு வந்த அன்னிக்கே மாத்திரையை நிறுத்தினேன்

கார்டுல ரெண்டு கோடு தெரிஞ்ச அன்னிக்கு ராத்திரியே மனச்சோர்வுக்குப் போடுற செர்ட்ராலின் மாத்திரை அட்டையை பீரோவுல புடவைக்கு அடியில தள்ளிட்டேன். ரெண்டு வருஷமா போட்டுட்டு இருந்த 50 மில்லிகிராம். டாக்டரைக் கேட்கல. "வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு மனசுக்கு மாத்திரையா?"ன்னு அம்மா கேட்ட ஒரு கேள்வி போதுமா இருந்துச்சு.

மூணாவது நாள், தலையைத் திருப்பினா உள்ளுக்குள்ள கரண்ட் அடிச்ச மாதிரி ஒரு வெட்டு. மசக்கைன்னு நினைச்சேன். மாத்திரையை பட்டுன்னு விட்டதால வந்ததுன்னு பிறகுதான் தெரிஞ்சுது. ஒரு மாசத்துல பழசெல்லாம் திரும்பிடுச்சு. விடிகாலை மூணு மணிக்கு முழிச்சா அப்புறம் தூக்கமே வராது. பிசைஞ்ச ரசம் சோறு தட்டுலயே காய்ஞ்சு கிடக்கும். ஸ்கேன்ல குழந்தையோட இதயத் துடிப்பைக் காட்டுறாங்க, எனக்கு எதுவுமே தோணல. அன்னிக்குத்தான் பயந்துபோய் மனநல டாக்டர்கிட்ட ஓடினேன்.

அவங்க திட்டல. 2006ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வைச் சொன்னாங்க: கர்ப்பத்துல மாத்திரையை நிறுத்தினவங்கள்ல 100க்கு 68 பேருக்கு நோய் திரும்பியிருக்கு, தொடர்ந்தவங்கள்ல 26 பேருக்கு. "ரிஸ்க்கே இல்லைன்னு சொல்ல மாட்டேன். பிறந்த குழந்தைக்கு நுரையீரல்ல ரத்த அழுத்தம் கூடுறது பொதுவா 1000க்கு ரெண்டு, இந்த மாத்திரையில சுமார் மூணு. ஆனா நீ சாப்பிடாம, தூங்காம இருந்தா அதுவும் குழந்தையைத்தான் பாதிக்கும். குறைப்பிரசவம் ஆகலாம், எடை குறையலாம்." 25ல ஆரம்பிச்சு 50க்கு வந்தோம். உடம்புல ரத்தம் கூடக்கூட மருந்தோட அளவு இறங்குமாம், கடைசி மாசங்கள்ல 75 ஆக்கினாங்க.

குழந்தை டாக்டருக்கும் முன்னாடியே சொல்லியாச்சு. பாப்பா பிறந்து ரெண்டு நாள் கை நடுங்குச்சு, கீச்சுன்னு அழுதா. மாருல போட்டு வெச்சுக்கச் சொன்னாங்க, நாலாம் நாள் அடங்கிட்டா. தாய்ப்பாலும் தந்தேன், செர்ட்ராலின் பாலுல ரொம்பக் கொஞ்சம்தான் போகுமாம்.

இதைப் படிச்சுட்டு கோவையிலிருந்து ஒரு தோழி எழுதினது: எல்லா மாத்திரையும் ஒண்ணு இல்லம்மா. நான் போட்டது பராக்ஸெட்டின். குழந்தையோட இதயக் குறைபாடு பத்தி 2005லயே அதுக்கு எச்சரிக்கை வந்தாச்சு. குழந்தைக்கு முயற்சி பண்றோம்னு சொன்னதும் டாக்டர் மெதுவா மாத்திட்டாங்க. என் நாத்தனார் போட்ட வால்ப்ரோவேட் வேற வகை, வலிப்புக்கும் மனநிலை ஏற்ற இறக்கத்துக்கும் தர்றது, கர்ப்பத்துக்கு ஆகவே ஆகாது. அதைப் போடுறவங்க தள்ளிப்போன அன்னிக்கே டாக்டரைப் பாருங்க, தானா நிறுத்தாதீங்க.

திருச்சியிலிருந்து: எனக்கு லேசான மனச்சோர்வுதான். டாக்டர் சொன்னபடி வாரக்கணக்குல குறைச்சு நிறுத்தி, கவுன்சிலிங் மட்டும் போனேன், தாங்கிடுச்சு. அக்காவுக்கு நேர்ந்தது எனக்கு நேரல, நோயோட அளவு வேற. ராத்திரி தனியா தவிச்சா அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416க்கு அடிங்க, தமிழ்ல பேசுவாங்க. நான் ரெண்டு தடவை பேசியிருக்கேன்.

திருச்சித் தங்கச்சிக்கு: நம்பருக்கு நன்றிம்மா. அம்மா என்ன சொன்னாங்கன்னு தனியா கேட்டவங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன். அடுத்த தடவை டாக்டரைப் பார்க்க அம்மாவையும் கூட்டிட்டுப் போனேன். வெளியே வந்து ஆட்டோவுல ஏறுற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. அன்னியிலிருந்து ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் தண்ணிச் சொம்போட அந்த அட்டையையும் அவங்களே எடுத்துட்டு வந்து பக்கத்துல நிப்பாங்க.